பின்னால் நின்றவர்

பொங்கல் கழிந்த மறு வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அக்காள் மகன் உட்கார்ந்துகொண்டு, "போ, போ, விடாதே!" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான். கேழ்வரகுக் களத்தில் மாடு புகுந்துவிட்டதோ என்று நான் பதறிக்கொண்டு எழுந்து வந்தேன்.

மாடு புகவில்லை. அமெரிக்கா புகுந்திருந்தது.

பையனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். அவனுடைய கம்பெனி அமெரிக்கர்களுக்காக வேலை செய்கிறது. ஆகையால் அவன் தூக்கம், விழிப்பு, சாப்பாடு எல்லாமே அந்த ஊர்ச் சூரியனை அனுசரித்துத்தான் நடக்கின்றன. குருபரப்பள்ளியில் இருக்கும் எங்களுக்குச் சென்னையைக் காட்டிலும் பெங்களூர் பக்கம். பெங்களூரில் இருக்கும் அவனுக்குக் குருபரப்பள்ளியைக் காட்டிலும் அமெரிக்கா பக்கம். லீவு போட்டு வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கைப்பேசியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு விழித்திருந்தான்.

"என்னடா அது?" என்றேன்.

"புட்பால், மாமா. அமெரிக்கன் புட்பால்."

எட்டிப் பார்த்தேன். பெயர்தான் புட்பால். பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிர்க் கட்சியார் அவரைக் கீழே தள்ளி மேலே விழுகிறார்கள். தலையில் கவசம், தோளில் திண்டு. பார்த்தால் விளையாட்டாகத் தோன்றவில்லை; வரப்புத் தகராறு மாதிரி இருந்தது.

பையன் எனக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தான். பந்தைக் கொண்டு ஓடுகிறவருக்கு முன்னால் இன்னொருவர் ஓடுகிறாராம். எதிரே வருகிற ஆள்மேல் போய் முழு பலத்தோடு மோதுகிறாராம். அந்த ஆள் நகர்ந்த இடத்தில் ஒரு சந்து உண்டாகிறது. அந்தச் சந்தில் புகுந்து பந்துக்காரர் போய்விடுகிறார்.

"மோதுகிற ஆளுக்குப் பந்து கிடைக்காதா?"

"எப்போதாவது கிடைக்கும். மோதுவதுதான் அவர் உத்தியோகம், மாமா."

"அவருக்கு என்ன பெயர்?"

"புல்பேக்."

இதைத் தமிழில் எழுதினால் மாட்டுக்குப் புல் கொண்டு வருகிற பை என்று அர்த்தமாகிவிடும். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் புழங்கிய சொல். கொல்லையில் பால் கறந்துகொண்டிருந்த என் அண்ணா ஒரு காலத்தில் எங்கள் ஊர் அணியில் புல்பேக்.

பையன் உற்சாகமாகிவிட்டான். லொரென்ஸோ நீல் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னான். அவர் தொழில்முறை ஆட்டக்காரர். 1993 முதல் 2008 வரை 16 பருவங்கள் ஆடினார். ஒரே பருவத்தில் 1,000 கஜ தூரம் பந்தைக் கொண்டுபோவது அந்த ஆட்டத்தில் பெரிய கௌரவம். 1997 முதல் 2007 வரை தொடர்ந்து 11 பருவங்கள், நீல் யாருக்கு முன்னால் ஓடினாரோ அவர் அந்தக் கௌரவத்தை அடைந்தார். இந்தப் பதினோரு வருஷத்தில் நீல் ஐந்து அணிகள் மாறினார். பின்னால் ஓடிவந்தவர்களும் ஐந்து பேர். மாறாமல் இருந்தது முன்னால் ஓடின ஆள் ஒருவர்தான். அந்த ஐவரில் கடைசியாக வந்தவர் லடேனியன் டாம்லின்ஸன். 2006-ஆம் வருஷத்துப் பருவத்தில் அவர் 31 முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனார். அதற்கு முன் ஒரே பருவத்தில் அத்தனை தடவை ஒருவரும் கொண்டுபோனதில்லை. அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பெயருக்கும் அங்கே ஒரு நல்ல காலம் இருந்திருக்கிறது. ஜிம் பிரவுன் என்பவர் புல்பேக்தான். 1957 முதல் 1965 வரை 9 பருவங்களில் தாமே பந்தைச் சுமந்து 12,312 கஜம் ஓடினார். பிறகு ஆட்டத்தின் போக்கு மாறிற்று. பந்தைச் சுமப்பது வேறொருவர் வேலையாயிற்று. வழி உண்டாக்குவது மட்டும் புல்பேக்குக்கு மிஞ்சிற்று. இப்போது பல அணிகள் அப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்வதே இல்லையாம்.

"ஓடினவர் எத்தனை கஜம் ஓடினார் என்று எண்ணி வைத்திருக்கிறார்களே, மோதினவர் எத்தனை பேரை மோதினார் என்று எண்ணியிருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

பையன் கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்த்தான். "அப்படி ஒரு பத்தி இல்லை, மாமா" என்றான்.

அந்த வார்த்தைதான் அன்று முழுதும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நம் ஊர்க் கால்பந்தில் புல்பேக் முன்னால் ஓடுகிறவர் அல்ல, பின்னால் நிற்கிறவர். கோல்கீப்பருக்கு முந்தின காவல் அவர். பழைய காலத்து முறையில் முன்னணியில் ஐந்து பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் இரண்டே பேர். அந்த இரண்டு பேர்தான் புல்பேக்குகள். ஐந்து பேரும் கோல் போடப் போய்விடுவார்கள். எதிரியின் ஐந்து பேர் வரும்போது இவர்கள் நிற்க வேண்டும். அண்ணா ஆடிய நாளில் உலகத்தில் அந்த முறை மாறிவிட்டிருந்தது. எங்கள் ஊரில் யாரும் மாறச் சொல்லவில்லை.

எங்களுக்கு மைதானம் ஏரி. தண்ணீர் வற்றின மாதங்களில் அதன் உள்வாயில் தைல மரக் கம்புகளை நட்டுக் கோல் கட்டுவார்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பந்து கேட்டுக் கத்துவார்கள். பந்து எல்லா பாஷையும் அறிந்ததுபோல் யாரிடமும் போகாமல் கருவேலம்புதருக்குள் போய்விடும். அண்ணாவுக்குப் பூட்ஸ் கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்துக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு நிற்பார். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஆளுக்கு இரண்டு பரோட்டாவும் ஒரு டீயும் கூலி.

எங்கள் தகப்பனார் காலமானபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணாவுக்குப் பதினேழு. அவர் படிப்பு அத்தோடு நின்றது. மாம்பழக் காலத்தில் கூழ் எடுக்கும் ஆலையில் வேலை. மற்ற மாதங்களில் ஓசூரில் ஒரு பட்டறையில் லேத்துக்கு உதவியாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவருக்கென்று மிச்சம். அதை அவர் ஏரிக்குக் கொடுத்தார்.

1993-ஆம் வருஷம் பக்கத்து ஊரில் ஒரு டோர்னமெண்டு. எங்கள் ஊர் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. டிராக்டரில் ஜனங்கள் போனார்கள். பதின்மூன்று வயதுப் பையனாகிய நான் கோட்டோரத்தில் குந்தியிருந்தேன். ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கையில் இடப் பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. அண்ணா எம்பித் தலையால் அதைக் கோல்கீப்பருக்குத் திருப்பினார். திருப்பின இடத்தில் கோல்கீப்பர் இல்லை. அவர் பந்தை எடுக்க முன்னால் வந்துவிட்டிருந்தார். பந்து வாடகை வசூலிக்க வந்தவர்போல அவசரமில்லாமல் உருண்டு உள்ளே போயிற்று.

சேம் சைடு கோல். நாங்கள் தோற்றது அந்த ஒரு கோலில்தான்.

வீட்டுக்கு வந்து அண்ணா குளித்துச் சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் விடியற்காலையில் ஷிப்டுக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கும் போனார். அணியில் அவரை யாரும் நிறுத்தவில்லை. ஒரு மாதத்தில் ஊர் அதை மறந்துவிட்டது.

மறக்காதவன் நான் ஒருவன். 2003-ஆம் வருஷம், பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பி அனுப்பித் திரும்பி வாங்கிக்கொண்டிருந்த நாளில், அந்தக் கோலை ஒரு கதையாக எழுதினேன். கதாநாயகன் தலைக்கனம் பிடித்த ஒரு புல்பேக். உயரமான ஆள், கணுக்காலில் கிழிந்த வேட்டி. கடைசி நிமிஷத்தில் தன் கோலிலேயே பந்தைப் போட்டுவிட்டு, எதிர்க் கட்சியாரோடு சேர்ந்து கையைத் தூக்கிக் குதிக்கிறான். தலைப்பு 'சேம் சைடு'. கதை பிரசுரமாயிற்று, நாலு பேர் சிரித்தார்கள், பத்திரிகை அடுத்த கதை கேட்டுக் கடிதம் போட்டது. என்னை எழுத்தாளன் என்று வெளியில் அறிந்தது அந்தக் கதையால்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெகுகாலம் பெருமை இருந்தது.

அண்ணாவுக்குத் தலைக்கனம் கிடையாது. அன்று அவர் குதிக்கவும் இல்லை. இவையெல்லாம் கற்பனை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஊர் சலூனில் அந்தப் பத்திரிகை வாங்குவார்கள். கணுக்கால் வேட்டி யாருடையது என்று சலூனுக்குத் தெரியாதா? ஒரு வாரத்தில் ஏரிப் பையன்கள் அவரை 'சேம் சைடு அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஊர் மன்னித்து மறந்த ஒன்றை நான் தோண்டி எடுத்து அச்சில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா தம்பி, அன்னிக்கு முதல் பாதியிலே கோட்டு மேலே நின்னு பந்து எடுத்தேனே, அது கதைக்கு ஆகாதா?"

"கதைக்குச் சுவாரசியம் வேணும், அண்ணா" என்றேன்.

அவர் மேற்கொண்டு பேசவில்லை. நானும் ஓர் உண்மையை அவரிடம் சொல்லவில்லை. கோட்டின்மேல் நின்று அவர் பந்து எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. ஆட்டம் முழுதும் அங்கேதான் இருந்தேன், கண்ணால் பார்த்தேன், மனசில் தங்கவில்லை. தங்கினது அந்த ஒரு கோல்தான்.

அந்த வருஷக் கடைசியில் அண்ணா ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். முட்டி வலி என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக நான் அந்த முட்டி வலியை நம்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் புல்பேக்குகளைப் பற்றிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. அப்படித் தேடினதில் கிடைத்தவர் சைலேன் மன்னா.

அவர் வங்காளத்தில் ஹௌராவைச் சேர்ந்தவர், 1924-இல் பிறந்தவர். 1942 முதல் 1960 வரை மோகன் பகான் அணியில் இடப் புறத்துப் புல்பேக். அந்த அணியைத் தவிர வேறு பெரிய அணியை அவர் நாடவில்லை. சம்பளம் ஜியாலஜிகல் சர்வே உத்தியோகத்தில், ஆட்டம் ஆசைக்கு. அத்தனை வருஷத்துக்கும் அணியிலிருந்து அவர் வாங்கின பணம் மொத்தம் 19 ரூபாய் என்று ஒரு கதை சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு ரூபாய்! அமெரிக்க நீலுக்கு மோதினதற்குச் சம்பளமாவது உண்டு.

1948-ஆம் வருஷம், சுதந்திரம் வந்து ஒரு வருஷம் முடியுமுன், நம் அணி லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போயிற்று. ஜூலை 31-ஆம் தேதி பிரான்ஸோடு ஆட்டம். நம்மவரில் பெரும்பாலோருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. அவ்வளவு பெரிய அணியை நம்மவர் கடைசி நிமிஷம் வரையில் இழுத்துப் பிடித்தார்கள். 2-க்கு 1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் நமக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. ஒன்றை அடித்தவர் மன்னா, மற்றதை அடித்தவர் மகாவீர் பிரசாத். இரண்டும் கோலாகவில்லை.

மன்னாவின் பெயரைப் புரட்டினால் முதலில் வந்து நிற்பது இந்தப் பெனால்டிதான். பின்னால் நிற்கிற ஆளை ஏன் பெனால்டி அடிக்க விட்டார்கள்? அவருடைய உதையின் பலத்தை எல்லோரும் அறிவார்கள். தூரத்திலிருந்து அவர் அடிக்கும் ஃப்ரீ கிக்குகளுக்குப் பேர் உண்டு. நம்பிக் கொடுத்தார்கள், தவறிற்று. அன்று பிரெஞ்சுக்காரர்களின் பந்துகளை எத்தனை தடவை அவர் திருப்பி அனுப்பினார் என்பதற்கு எந்தக் குறிப்பிலும் ஓர் எண் எனக்கு அகப்படவில்லை. அப்படி ஒரு பத்தி இல்லை.

1951-இல் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. மன்னா காப்டன். இந்தோனேஷியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியில் ஈரானை 1-0 என்று ஜயித்துத் தங்கப் பதக்கம் வாங்கினோம். இறுதி ஆட்டத்தின் கோல் மேவாலாலுடையது. மூன்று ஆட்டங்களிலும் எதிர்ப் பக்கத்து எண்ணைப் பாருங்கள்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். புல்பேக்கும் கோல்கீப்பரும் சேர்ந்து சம்பாதித்தது அந்தப் பூஜ்யங்கள். பூஜ்யத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

மறு வருஷமே ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்ஸ். அங்கேயும் மன்னாதான் காப்டன். யூகோஸ்லாவியா நம்மை 10-க்கு 1 என்று அடித்தது. அந்தக் குளிரிலும் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று நம்மிடையே விதி வந்தது. ஒரே வருஷ இடைவெளியில் ஒரே ஆள் முதுகுக்குப் பின்னால் பூஜ்யமும் பத்தும். ஆனாலும் அவரை ஒதுக்கிவிடவில்லை. 1971-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2012-இல், 87 வயதில், அவர் காலமானார்.

கோல் போட்டவர்களுக்காவது ஞாபகம் மிஞ்சுகிறதா என்றால், அதுவும் சந்தேகந்தான். 1948-இல் பிரான்ஸுக்கு எதிராக அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அவருடையது. எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேருகிற பட்டணத்தில் பந்தாடியவர். அவர் பெயரை எங்கள் ஏரிப் பையன்களிடம் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. ஆகவே மறதி எல்லோருக்கும் பொது. முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: முன்னவனை மறந்தால் முழுசாக மறந்துவிடுகிறார்கள், பின்னவனை மறக்கும்போது அவன் தப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். மாந்தோப்புக் காவற்காரன் கண் அயர்ந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான் பஞ்சாயத்தில் பேச்சு. அவன் விழித்திருந்த ராத்திரிகளை எண்ணுகிறவர் இல்லை.

இதில் ஜனங்களை மட்டும் குறை சொல்வானேன்? எண்ணியிருக்க வேண்டியவன் நான். கோட்டோரத்தில் குந்தியிருந்தவன் நான். அவர் சம்பளத்தில் வாங்கின நோட்டுப் புத்தகத்தில் எழுதக் கற்றவன் நான். எனக்கு முன்னால் மோதி வழி உண்டாக்கினவரும் அவர்தான், பின்னால் நின்று வந்ததைத் தாங்கினவரும் அவர்தான். இரண்டு ஊர்ப் புல்பேக் வேலையையும் அவர் ஒருவரே எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணா பால் செம்போடு திண்ணைக்கு வந்ததும் நீலைப் பற்றியும் மன்னாவைப் பற்றியும் சொன்னேன். பத்தொன்பது ரூபாய்க் கதைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நமக்கு அதைவிடப் பரவாயில்லையே! பரோட்டா கொடுத்தாங்களே!" என்றார். பிறகு, செம்பைக் கீழே வைத்துவிட்டு, "பெனால்டி போச்சே, அதுக்கப்புறம் அந்த மனுஷனை டீமிலே வெச்சாங்களா?" என்று கேட்டார்.

"வைத்தார்கள். அடுத்த ஒலிம்பிக்ஸில் அவர்தான் காப்டன்."

அண்ணா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லவங்கடா அவங்க" என்றார்.

அந்த இரண்டு வார்த்தைக்குள் எனக்குரியது இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து இந்தக் கட்டுரையை எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: '1993-ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தில், முதல் பாதியில், கோட்டின்மேல் நின்று என் அண்ணா நான்கு பந்துகளை வெளியேற்றினார். அவர் இல்லாதிருந்தால் எங்கள் ஊர் ஐந்து கோலில் தோற்றிருக்கும்.'

மறுநாள் அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "மூணுடா" என்றார்.

"என்ன அண்ணா?"

"நான் எடுத்தது மூணு. நாலாவது கம்பத்திலே பட்டுத் தானாத் திரும்பிச்சு. அதை என் கணக்கிலே எழுதாதே."

திருத்திவிட்டேன். மூன்று.